இரண்டு சிறு மருந்துகள்

எங்கள் பெரியப்பாவிடம் ஒரு தேக்குமரப் பெட்டி இருந்தது. மூடியைத் திறந்தால் தேன்கூட்டைப் போல அறை அறையாகப் பிரித்திருக்கும். ஒவ்வோர் அறையிலும் தக்கை அடைத்த ஒரு கண்ணாடிக் குப்பி. குப்பிக்குள்ளே ஜவ்வரிசியைவிடச் சிறிய வெள்ளை உருண்டைகள். திருமங்கலத்திலிருந்து உசிலம்பட்டி போகும் வழியில், கரிசலும் செம்மண்ணும் கலந்து கிடக்கிற ஒரு கிராமம் எங்களுடையது. ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பா, காலை ஆறு மணிக்கெல்லாம் அந்தப் பெட்டியோடு திண்ணைக்கு வந்து உட்கார்ந்து விடுவார். நான் சொல்வது 1980களின் கடைசி. அப்போது எனக்கு எட்டு வயதோ ஒன்பது வயதோ.

ஆறரைக்குள் திண்ணையைச் சுற்றிப் பத்துப் பெண்கள் நிற்பார்கள். எல்லார் இடுப்பிலும் ஒரு குழந்தை.

“ராத்திரியிலிருந்து வயித்தால போகுதுங்கய்யா” என்பாள் ஒருத்தி.

பெரியப்பா உடனே மருந்தைத் தொட மாட்டார். “பிள்ளை தண்ணி கேட்குதா? மடக்கு மடக்கா நிறையக் குடிக்குதா, கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி கேட்குதா? தூக்கி வச்சுக்கிட்டு நடந்தா அழுகையை நிறுத்துதா? ஒரு கன்னம் மட்டும் சிவந்திருக்கா, ரெண்டுமா?” என்று கேட்டுக்கொண்டே போவார். அவளும் யோசித்து யோசித்துப் பதில் சொல்வாள். அவளிடம் அவள் குழந்தையைப் பற்றி அதுவரை யாரும் இத்தனை கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். கடைசியில் ஒரு குப்பி திறக்கும். நாலு உருண்டை குழந்தையின் நாக்கில் விழும். காசு கிடையாது. குழந்தைகளும் அழாமல் வாயைத் திறக்கும், சர்க்கரை அல்லவா!

அதோடு விட மாட்டார். பள்ளிக்கூடத்து வழக்கம் போகுமா? மடியில் ஒரு நீளமான பேரேட்டை வைத்துக்கொண்டு தேதி, பெயர், வயது, நோய், மருந்து என்று பத்தி பத்தியாக எழுதுவார். கடைசிப் பத்திக்கு ‘முடிவு’ என்று தலைப்பு. அதில் சில இடங்களில் ‘குணம்’ என்று இருக்கும். அதைவிட அதிகமான இடங்களில் ‘ம.வ.’ என்று இருக்கும். அது என்ன என்று ஒருநாள் கேட்டேன். “மறுபடி வரவில்லை” என்றார். “குணமாகாவிட்டால் மறுபடி வந்திருப்பார்கள் அல்லவா? அதனால் ம.வ. என்றாலும் குணம்தான்” என்று சொல்லிச் சிரித்தார்.

என் தங்கைக்கு மூன்று வயதில் கடுமையான வயிற்றுப்போக்கு வந்தது. அவர்தான் மருந்து கொடுத்தார். சாமோமில்லா, முப்பதாவது வீரியம். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். எங்கள் வீட்டில் அதற்கப்புறம் அந்தப் பெட்டியைப் பற்றி யாரும் ஒரு சந்தேகமும் எழுப்பியதில்லை. இன்றைக்கும் என் தாயார் அந்த மூன்றாம் நாள் இட்லியைத்தான் சாட்சியாகச் சொல்லுவார்.

அந்தச் சாட்சியம் எவ்வளவு தூரம் செல்லும் என்ற கேள்விக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதில் பாதி ஜெர்மனியில் நடந்தது. மீதியில் ஒரு பெரிய பங்கு, நம்ப மாட்டீர்கள், நம் மதுரைக்காரர்கள் செய்தது.

பெட்டியின் மூலபுருஷர் சாமுவேல் ஹானிமன், 1755ல் மைஸன் நகரில் பிறந்த ஜெர்மானிய வைத்தியர். 1790ல் கல்லென் என்ற ஸ்காட்லாந்து வைத்தியரின் நூலை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது, முறைக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் சின்கோனா பட்டையைத் தாமே தின்று பார்த்தார். உடம்பில் காய்ச்சலின் குறிகளே தோன்றியதாக எழுதி வைத்தார். நோயை உண்டாக்குவதே நோயைத் தீர்க்கும் என்ற கொள்கை அங்கே முளைத்து, 1810ல் ‘ஆர்கனான்’ என்ற நூலாக வெளிவந்தது. அந்தக் காலத்து மற்ற வைத்தியர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டும். நரம்பைக் கீறிக் கிண்ணம் கிண்ணமாக ரத்தம் வடித்தார்கள், பாதரசத்தைப் புகட்டினார்கள். அவர்களுக்கு நடுவே சர்க்கரை உருண்டையைக் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்த வைத்தியரிடம் நோயாளிகள் அதிகம் பிழைத்திருந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

நம் நாட்டில் இது வேரூன்றியது வங்காளத்தில். மகேந்திரலால் சர்க்கார் என்பவர் கல்கத்தா சர்வகலாசாலையில் எம்.டி. பட்டம் பெற்ற இரண்டாமவர். முதலில் ஹோமியோபதியைப் பலமாகக் கண்டித்தவர். 1867ல் பிரிட்டிஷ் மருத்துவ சங்கத்தின் வங்காளக் கிளைக் கூட்டத்தில் எழுந்து, தம் மனம் மாறிவிட்டது என்று அறிவித்தார். சக டாக்டர்கள் அவரை ஒதுக்கி வைத்தார்கள். அவர் சளைக்கவில்லை. 1876ல் விஞ்ஞான வளர்ச்சிக்கென்று கல்கத்தாவில் ஒரு சங்கத்தையும் நிறுவினார். அந்தச் சங்கத்தின் கட்டிடத்தில்தான் திருச்சிராப்பள்ளியில் பிறந்த நம் சி.வி. ராமன் 1928ல் தமது ஒளிச் சிதறலைக் கண்டுபிடித்தார். ஒரு ஹோமியோபதி வைத்தியர் கட்டிய வீட்டில் நோபல் பரிசு முளைத்தது என்பதை, ஹோமியோபதியைக் கேலி செய்கிறவர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளலாம். தெற்கே மங்களூரில் 1880ல் முல்லர் என்ற ஜெர்மானியப் பாதிரியார் இந்த மருந்துகளை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார். இன்று எங்கள் திருமங்கலத்தில் அரசாங்கமே ஒரு ஹோமியோபதி மருத்துவக் கல்லூரியை நடத்துகிறது.

இப்போது ‘முப்பதாவது வீரியம்’ என்பதற்கு வருகிறேன். ஒரு பங்கு மருந்தை 99 பங்கு நீரிலோ சாராயத்திலோ கலந்து குலுக்கினால் அது முதல் படி. அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி 99 பங்கில் கலந்தால் இரண்டாம் படி. இப்படியே முப்பது தடவை. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது. வைகை அணையில் 71 அடித் தண்ணீரும் தளும்பி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே ஒரு சொட்டு மருந்தை விட்டு அணை முழுவதும் கலக்குங்கள். அந்த நீர் எட்டாவது படியைக்கூட எட்டியிருக்காது. பன்னிரண்டாவது படியைத் தாண்டினால் மூல மருந்தின் ஒரு மூலக்கூறாவது மிஞ்சியிருக்கும் என்று சொல்ல முடியாது. முப்பதாவது படி என்றால், உருண்டையில் இருப்பது சர்க்கரை மட்டுமே.

ஆனால் இந்தக் கணக்கைக் காட்டி ஒரு தாயை ஜெயிக்க முடியாது. “கணக்கு கிடக்கட்டும், பிள்ளைக்குக் குணமாச்சே!” என்பாள். குலுக்கும்போது மருந்தின் சக்தி நீரில் பதிந்துவிடுகிறது என்று ஹோமியோபதிக்காரர்களும் சொல்வார்கள். அவர்களோடு வாதாடுவதில் பயனில்லை. சோதித்துத்தான் பார்க்கவேண்டும். அப்படிச் சோதித்துப் பார்த்த கதைதான் சரித்திரத்தில் மிகவும் ருசியானது.

1835ம் ஆண்டு பிப்ரவரி மாதம், நியூரம்பர்க் நகரில் ‘சிவப்புச் சேவல்’ என்ற சாராயக்கடையில் நூற்றிருபதுக்கும் மேற்பட்ட ஊர்க்காரர்கள் கூடினார்கள். அதற்கு முன்னால் அந்த ஊரில் ஒரு பெரிய சண்டை நடந்திருந்தது. ஆஸ்பத்திரிகளை மேற்பார்த்துவந்த ஃபான் ஹோவன் என்ற மூத்த டாக்டர் ஹோமியோபதியைக் கிழித்து ஒரு புத்தகம் போட்டார். அவர் கவி ஷில்லரின் இளமை நண்பர் என்பதை, எழுதுகிறவன் என்ற முறையில் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. ராய்ட்டர் என்ற ஹோமியோபதி வைத்தியர் அவருக்குப் பதில் எழுதினார். சாதாரண உப்பை முப்பதாவது படிக்குக் கலந்து, ஆரோக்கியமான ஒருவருக்குக் கொடுத்தாலும் உடம்பில் மாறுதல் தெரியும்; பத்துக்கு ஒன்று பந்தயம் என்றார். லோனர் என்ற பத்திரிகாசிரியர் பந்தயத்தைப் பிடித்துக்கொண்டார்.

என்ன செய்தார்கள் தெரியுமா? பனியை உருக்கி வடித்த நீரில் உப்பைக் கரைத்து முப்பதாவது படிவரை கொண்டு போனார்கள். நூறு குப்பிகளுக்கு எண் போட்டு, எல்லார் கண் முன்னாலும் குலுக்கிக் கலைத்து, ஐம்பது ஐம்பதாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் உப்பு மருந்து. மறு பாதியில் வெறும் பனிநீர். எந்த எண்ணில் எது என்று எழுதிய பட்டியலுக்கு முத்திரை வைத்தாயிற்று. குடிக்கிறவருக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது, விளைவைக் குறித்துக்கொள்கிறவருக்கும் தெரியாது. மூன்று வாரம் கழித்து மறுபடி கூடினார்கள். விவரம் சொன்ன ஐம்பது பேரில் எட்டுப் பேர்தான் உடம்பில் ஏதோ தெரிந்தது என்றார்கள். முத்திரையை உடைத்துப் பார்த்தால், அந்த எட்டில் ஐவர் உப்பு மருந்து குடித்தவர்கள். மூவர் வெறும் நீர் குடித்தவர்கள். ராய்ட்டர் தோற்றார். ஆனாலும் லோனர் குதிக்கவில்லை. இன்னும் அதிகம் பேரை வைத்துச் செய்தால்தான் உறுதியாகச் சொல்லலாம் என்று அடக்கமாக எழுதினார்.

கொடுப்பவர், வாங்குபவர் இருவர் கண்ணையும் கட்டிவிட்டு, சீட்டுக் குலுக்கிப் பிரித்து நடத்திய சோதனைகளில் மிகப் பழையது இதுதான் என்கிறார்கள். இன்று உலகம் முழுவதும் எந்தப் புது மருந்தும் கடக்கவேண்டிய வாசல், ஹோமியோபதியைச் சோதிப்பதற்காக ஒரு சாராயக்கடையில் திறந்த வாசல்!

அங்கே குடித்தவர்கள் ஆரோக்கியமான பெரியவர்கள். குழந்தை விஷயம் வேறு. காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு ஆகிய மூன்றும் பெரும்பாலும் தாமே வந்து தாமே போகிறவை. போகிற சமயத்தில் கையில் எந்த மருந்து இருக்கிறதோ அதற்குப் பெயர் கிடைக்கும். 1990களில் இதையும் சோதிக்க ஆரம்பித்தார்கள். ஹாலந்து தேசத்தில் அடிக்கடி சளி பிடிக்கும் 170 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, தேர்ந்த ஹோமியோபதி டாக்டர்கள் ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியே விசாரித்து மருந்து எழுதினார்கள். பாதிப் பேருக்கு அந்த மருந்து போயிற்று. மீதிப் பேருக்கு மருந்தில்லாத உருண்டை போயிற்று. 1994ல் முடிவு வெளியானது. இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் எனக்கு மனத்தில் நின்றது வேறு ஒன்று. இரண்டு பிரிவுக் குழந்தைகளுமே முந்தைய ஆண்டைவிட நன்றாக இருந்தார்கள். வெறும் சர்க்கரை தின்ற குழந்தைகளுக்கும் ஆன்டிபயாடிக் மருந்தின் தேவை குறைந்திருந்தது. அந்தக் குழந்தைகளின் தாய்மார்கள் எல்லாரும் மருந்து வேலை செய்தது என்றே சத்தியம் செய்திருப்பார்கள். எங்கள் பெரியப்பாவின் திண்ணை எனக்கு அங்கே தெரிந்தது.

அதே 1994ல் நிகராகுவா நாட்டிலிருந்து இன்னொரு கட்டுரை வந்தது. அமெரிக்காவைச் சேர்ந்த ஜெனிஃபர் ஜேக்கப்ஸ் என்ற டாக்டர் வயிற்றுப்போக்கு கண்ட 81 குழந்தைகளிடம் சோதித்தார். ஹோமியோபதி வாங்கியவர்களுக்கு 3 நாளில் நின்றது, மற்றவர்களுக்கு 3.8 நாள். முக்கால் நாள் லாபம்! ஹோமியோபதிக்காரர்கள் கொண்டாடினார்கள். விமரிசகர்கள் ஆளுக்கொரு குறை சொன்னார்கள். ஆனால் அந்த அம்மாள் அங்கே நிற்கவில்லை. பிறகு ஹொண்டுராஸ் நாட்டில், ஐந்து மருந்துகளைச் சேர்த்துச் செய்த மாத்திரையை 292 குழந்தைகளிடம் சோதித்தார். வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று வந்தது. அதையும் 2006ல் தம் பெயரிலேயே வெளியிட்டார். அவருடைய கொள்கையை நான் ஏற்கவில்லை. அவருடைய நேர்மைக்குத் தலை வணங்குகிறேன். இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். நிகராகுவாவில் உருண்டை வாங்கிய குழந்தைக்கும் வாங்காத குழந்தைக்கும் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீர் தவறாமல் கொடுக்கப்பட்டது. இதற்குப் பின்னால் வருகிறேன்.

2018ல் குழந்தைகளின் சளி, இருமல் பற்றிய 8 ஆய்வுகளை, மொத்தம் 1,562 குழந்தைகள், ஒன்றாக வைத்து அலசினார்கள். பயன் என்று சொல்லத்தக்க ஆதாரம் இல்லை என்றார்கள். நம் நாட்டில் தெலங்கானாவில் 108 சிசுக்களை இரண்டு வயது வரை தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2024ல் வெளியாயிற்று. ஹோமியோபதிப் பிரிவில் குழந்தை நோயில் கிடந்தது 5 நாள், மற்றதில் 21 நாள் என்று அது சொல்கிறது. படித்துவிட்டுச் சிலர் எனக்குக் கடிதம்கூட எழுதினார்கள். ஆனால் அங்கே எந்தக் குழந்தைக்கு எந்த வைத்தியம் என்று பெற்றோருக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். 1835ல் சாராயக்கடைக்காரர்கள் கட்டிய கண்ணை இங்கே கட்டவில்லை.

போகட்டும். மதுரைக்கு வருவோம்.

1970களின் தொடக்கத்தில், மதுரை எர்ஸ்கின் ஆஸ்பத்திரிக்கு (இன்றைய ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு) சுற்று வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து கண் போன குழந்தைகள் வந்துகொண்டிருந்தார்கள். முதலில் மாலைக்கண். அப்புறம் வெள்ளை விழியில் நுரை போல ஒரு திட்டு. பிறகு மணல்வாரியோ வயிற்றுப்போக்கோ வரும். வந்த சில நாட்களில் கருவிழி உருகிப்போய்விடும். காரணம், உணவில் வைட்டமின் ‘ஏ’ இல்லாமை. முருங்கைக்கீரையும் பப்பாளியும் கொல்லையில் நிற்கிற ஊர்களில் இந்தக் கொடுமை. அங்கே கண் பிரிவின் தலைவராக இருந்தவர் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும் அந்த விரல்களாலேயே கத்தி பிடித்தவர். அந்தக் குழந்தைகளையும் தாய்மார்களையும் சேர்த்து வைத்துச் சோறு போட்டுச் சமையல் சொல்லிக் கொடுக்க ஒரு நிலையம் அங்கே நடந்தது. 1976ல் ஓய்வு பெற்றதும் அவர் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய கதை எல்லாருக்கும் தெரியும்.

கண்ணுக்காகத் தொடங்கிய இந்த விசாரம் உயிர்வரைக்கும் போயிற்று. இந்தோனேசியாவில் வேலை செய்த ஆல்ஃபிரட் ஸாமர் என்ற அமெரிக்க டாக்டர், மாலைக்கண் வந்த குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிட அதிகமாக இறப்பதைக் கவனித்தார். ஆச்சே மாகாணத்தில் வைட்டமின் ‘ஏ’ கொடுத்துப் பார்த்ததில் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 1986ல் எழுதினார். மருத்துவ உலகம் நம்பவில்லை. நம்பாததற்கு நியாயமும் இருந்தது. அங்கே மற்றப் பாதிக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. மருந்து வாங்கிய ஊர் எது, வாங்காத ஊர் எது என்பது வெட்டவெளிச்சம்.

கண்ணைக் கட்டிச் சோதிக்கும் வேலையை எடுத்துக்கொண்டது மதுரை. டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் அரவிந்தைச் சேர்ந்தவர்களும், அமெரிக்கப் பெண் விஞ்ஞானி பார்பரா அண்டர்வுட்டோடு சேர்ந்து, திருச்சி மாவட்டத்துக் கிராமங்களில் பள்ளிக்குப் போகாத வயதுக் குழந்தைகள் 15,419 பேரைக் கணக்கெடுத்தார்கள். ஓராண்டுக் காலம், வாரா வாரம், ஊரைச் சேர்ந்த சுகாதாரத் தொண்டர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க் குழந்தையின் வாயில் மருந்து விட்டார்கள். ஒரு பிரிவுக்கு வைட்டமின் ‘ஏ’யும் ‘ஈ’யும்; இன்னொன்றுக்கு வெறும் ‘ஈ’. எந்தக் குழந்தைக்கு எது என்று விட்டவருக்கும் தெரியாது, தாய்க்கும் தெரியாது. போன வாரங்களில் நூற்றுக்கு 88க்கு மேல் குழந்தையைப் பார்த்தே மருந்து கொடுத்திருக்கிறார்கள். வெயிலில் வரப்பில் நடந்து, களைக்குப் போன தாயைத் தேடி, ஒரு வருஷம்! கட்டுரையில் அந்த நடையெல்லாம் ஒரு சதவிகிதமாகச் சுருங்கிவிடுகிறது.

கொடுத்த அளவு எவ்வளவு? வாரத்துக்கு 8,333 யூனிட். எடையில் சுமார் இரண்டரை மில்லிகிராம். ஒரு சின்னக் கடுகின் எடை. பெரியப்பாவின் உருண்டையில் இருக்கும் சர்க்கரை இதைவிடக் கனம். ஆனால் இந்தக் கடுகுக்குள் 5 போட்டு அதன் பக்கத்தில் 18 சைபர் போட்டால் வருகிற அளவுக்கு மூலக்கூறுகள் உண்டு.

1990 அக்டோபரில் அமெரிக்காவின் பெயர்பெற்ற மருத்துவப் பத்திரிகையில் முடிவு வந்தது. மொத்தம் 125 குழந்தைகள் இறந்திருந்தார்கள். அதில் 16 விபத்து. வைட்டமின் ‘ஏ’ வாங்கிய பிரிவில் சாவு, மற்றதில் பாதிக்கும் கீழே. நூற்றுக்கு 54 குறைவு. மூன்று வயதுக்குட்பட்ட, வளர்ச்சி குன்றிய குழந்தைகள்தான் அதிகம் பிழைத்தார்கள். அந்த இன்னொரு பிரிவுத் தாய்மார்களை நினைக்காமல் என்னால் இந்த வரிகளை எழுத முடியவில்லை. தெரிந்து யாரும் அவர்களுக்கு வஞ்சனை செய்யவில்லை. சோதனை முடியும்வரை யாருக்கும் தெரியாது என்பதுதானே சோதனையின் அடிப்படை? ஆனாலும் உலகம் இன்று தெரிந்துகொண்டிருப்பதில் அவர்கள் கொடுத்த பங்கு இருக்கிறது.

இதே குழுவினர் அடுத்த ஆண்டு, 1991ல், இன்னொரு கட்டுரை வெளியிட்டார்கள். முதலாவதை மேற்கோள் காட்டுகிற அளவுக்கு இரண்டாவதை யாரும் சொல்வதில்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. வைட்டமின் வாங்கிய குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்ததா? இல்லை. சளி, இருமல் குறைந்ததா? அதுவும் இல்லை. வளர்த்தியாவது கூடியதா? இல்லை. இரண்டு பிரிவிலும் எல்லாம் ஒன்று போலவே வந்து போயின. வந்த நோயால் இறப்பதுதான் குறைந்தது.

அந்தக் கிராமத்துத் தாயின் கண்ணால் இதைப் பாருங்கள். வாரா வாரம் ஒருத்தி வந்து பிள்ளை வாயில் எதையோ விட்டுவிட்டுப் போகிறாள். பிள்ளைக்கு எப்போதும் போலச் சளி பிடிக்கிறது, எப்போதும் போல வயிறு போகிறது, ஒரு விரல்கடைகூட அதிகமாக வளரவில்லை. “இந்த மருந்தால என்ன பிரயோசனம்?” என்று அவள் கேட்டால் யார் பதில் சொல்ல முடியும்? அவள் பிள்ளை சாகாமல் இருக்கிறது. சாகாமல் இருப்பதை எந்தத் தாயும் மருந்தின் குணம் என்று கணக்கில் வைப்பதில்லை. பதினைந்தாயிரம் குழந்தைகளை எண்ணியவர்களுக்கு மட்டுமே அது தெரிந்தது. உருண்டை கொடுத்த திண்ணையிலோ, ஒவ்வொரு தாயும் மூன்றாம் நாள் குணத்தைத் தன் கண்ணாலேயே பார்த்தாள். உயிரைக் காத்த மருந்து யார் கண்ணுக்கும் தெரியவில்லை. ஒன்றும் இல்லாத மருந்து எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது!

வைட்டமின் ‘ஏ’யின் கதையும் அப்புறம் நேர்கோட்டில் போகவில்லை. இதே மதுரைக் குழுவினர் தமிழ்நாட்டு மாவட்டங்கள் இரண்டில், பிறந்து இரண்டு நாளுக்குள் 11,619 சிசுக்களுக்குக் கொடுத்துப் பார்த்து, ஆறு மாதத்தில் சாவு 23 சதவிகிதம் குறைந்தது என்று 2003ல் சொன்னார்கள். பின்னால் ஹரியானாவில் நாற்பதாயிரத்துக்கும் அதிகமான சிசுக்களிடம் பார்த்தபோது, 2015ல், அப்படிப்பட்ட பலன் தெளிவாகத் தெரியவில்லை. பிறந்த குழந்தைக்கு வைட்டமின் ‘ஏ’ கொடுக்கும்படி உலக சுகாதார ஸ்தாபனம் சிபாரிசு செய்யவில்லை. கொஞ்சம் வளர்ந்த குழந்தைகளிடம்கூட, வட இந்தியாவில் பத்து லட்சம் பேரை வைத்துச் செய்த சோதனையில் பலன் மிகச் சிறிதாகவே கிடைத்தது. அங்கே ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பெரிய அளவாகக் கொடுத்தார்கள். வாரா வாரம் கடுகளவு கொடுத்ததுதான் திருச்சியில் பலித்ததா, அந்தக் குழந்தைகள் அவ்வளவு வற்றிப்போயிருந்ததாலா என்று நிபுணர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். போடட்டும். எண்ணிப் பார்த்துவிட்டுப் போடுகிற சண்டை.

பெரியப்பா காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. சென்ற கோடையில் அந்த வீட்டை ஒழிக்கப் போனபோது பரணிலிருந்து பெட்டியும் பேரேடுகளும் கிடைத்தன. பெட்டியை என் தாயார் எடுத்துக்கொண்டார். பேரேடுகளை நான் எடுத்து வந்தேன். ‘முடிவு’ப் பத்தியில் பாதிக்கு மேல் ம.வ., ம.வ., ம.வ. தங்கையின் பெயருக்கு நேரே மட்டும் சிவப்பு மையில் ‘பூரண குணம்’.

நான் தேடியது வேறு ஒரு வரியை. தங்கைக்குக் குணமான அடுத்த கோடையில், செங்கல் சூளையில் வேலை செய்த ஒருவருடைய இரண்டு வயதுப் பையனை அவன் தாய் இதே வயிற்றுப்போக்கோடு தூக்கி வந்தாள். பெரியப்பா எல்லாக் கேள்வியும் கேட்டார். போடோபில்லம் கொடுத்தார். தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று அவளுடைய மாமியார் சொல்லியிருந்தாள். ஊரில் அப்போது எல்லார் நம்பிக்கையும் அதுதான். பெரியப்பாவும் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உப்பும் சர்க்கரையும் சேர்ந்தால் குடல் நீரை இழுத்துக்கொள்ளும் என்பது, வங்காள எல்லையில் 1971ல் அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் வாளி வாளியாகக் கலந்து கொடுத்து ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்த பிறகு உலகத்துக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். எங்கள் திண்ணைக்கு அது பதினேழு பதினெட்டு வருஷமாகியும் வந்து சேரவில்லை. மூன்றாம் நாள் காலை திருமங்கலத்துக்குப் போகிற பஸ்ஸிலேயே அந்தப் பையன் இறந்து போனான். ஊரில் யாரும் பெரியப்பாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தத் தாய்கூட, “வாத்தியாரய்யா கை மருந்துக்கும் கேட்கலை, அவன் விதி” என்றுதான் அழுதாள்.

அந்த வரியைக் கண்டுபிடித்தேன். வயது 2, பேதி, போடோபில்லம் 30. முடிவுப் பத்தியில் ‘ம.வ.’ என்று எழுதி, அடித்திருக்கிறது. அடித்த இடத்துக்கு மேலே வேறு ஒன்றும் எழுதவில்லை. அதற்கப்புறம் ஒன்றரைப் பக்கம் வெற்றுத்தாள்.

மறுபடி எழுத்து தொடங்குகிற பக்கத்தில், மருந்துப் பத்திக்கு முன்னால், ஸ்கேல் வைத்து இழுத்த புதுக்கோடு ஒன்று இருக்கிறது. அந்தப் புதுப் பத்திக்குத் தலைப்பு ‘உ.ச. நீர்’. வயிற்றுப்போக்கு என்று வந்த ஒவ்வொரு குழந்தைக்கும் நேரே, எத்தனை தம்ளர் என்று எண் போட்டிருக்கிறது. உருண்டை கொடுப்பதை அவர் நிறுத்தவில்லை.